பரிசோதனையில் கண்டது

கண்டிக்குப் பக்கத்தில், அம்பிட்டியவில் எங்கள் வீட்டு மாடியின் தரை பலகை. மேலே யார் நடந்தாலும் கீழே என் மேசைக்கு நேர் மேலே முனகல் கேட்கும். அந்த வருடம் மாடியில் வாடகைக்கு இருந்த அக்கா நடந்துகொண்டே இருந்தார். ஜன்னலிலிருந்து கதவுக்கு, கதவிலிருந்து திரும்ப ஜன்னலுக்கு. பின்னேரம் பஸ்ஸை விட்டு இறங்கிப் படியேறியதும் தொடங்குவார். காலையிலும் கேத்தலில் தண்ணீர் கொதிக்கும் வரைக்கும் நடப்பார். எனக்கோ தலைக்கு மேல் சத்தம் இருந்தால் ஒரு வரி ஓடாது. மனதுக்குள் எத்தனை தரம் ஏசியிருப்பேன் என்று கணக்கில்லை.

நான் செய்யும் வேலையைச் சொன்னால் சொந்தக்காரர்களுக்கு இன்றைக்கும் விளங்காது. ‘கம்பியூட்டர் வேலை’ என்பதோடு நிறுத்திக்கொள்வேன். உயிர்களில் உள்ள புரதங்களுக்கென்று ஒரு பெரிய தரவுத்தளம் இருக்கிறது. வெளிநாட்டுக் குழு ஒன்று நடத்துவது. யாரும் இணையத்தில் திறந்து பார்க்கலாம். புரதத்துக்கு ஒரு பக்கம். பக்கத்தின் அடியில் அதன் அமினோ அமிலங்கள் எழுத்தெழுத்தாக வரிசையில் நிற்கும். மேலே, அந்தப் புரதம் உடம்பில் என்ன வேலை செய்கிறது என்று இரண்டு மூன்று வரி இருக்கும். அந்த இரண்டு மூன்று வரியை வீட்டிலிருந்தே எழுதுகிறவர்களில் நானும் ஒருத்தி. ஆராய்ச்சிக் கட்டுரைகளை வாசிக்க வேண்டும், சாரத்தை எடுக்க வேண்டும், வரியின் பின்னால் ஒரு முத்திரை வைக்க வேண்டும்.

முத்திரை மூன்று வகை. ‘இயந்திரம் ஊகித்தது’ என்பது ஒன்று. ‘உறவுப் புரதத்தைப் பார்த்துச் சொன்னது’ என்பது இன்னொன்று. ‘பரிசோதனையில் கண்டது’ என்பதுதான் பெரிய முத்திரை, பச்சை நிறத்தில். அது விழுந்துவிட்டால் பிறகு யாரும் கேள்வி கேட்பதில்லை. இயந்திரமும் அதை நம்பி, வேறு உயிர்களில் உள்ள உறவுப் புரதங்களுக்கெல்லாம் அதே வேலையை எழுதிக்கொண்டு போகும். எழுதிய ஆளின் பெயர் மட்டும் பக்கத்தில் எங்கேயும் இருக்காது. உள்ளே எங்களுக்கு மட்டும் தெரியும் ஓர் இலக்கம் இருக்கும், அவ்வளவுதான். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. பெயரும் பெருமையும் வேண்டாம் என்று இருக்கிற ஆள் நான் என்று என்னைப் பற்றி நானே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். மிளகு, கராம்பு ஆராயும் அரசாங்க அலுவலகம் ஒன்றில் அலுவலர். குடும்பம் ஊரில், இவர் மட்டும் இங்கே. முதுமாணிப் பட்டம் செய்வதற்குப் படிப்பு லீவு வாங்கியிருந்தார். மிளகுக் கொடியின் அடியை அழுக வைக்கும் ஒரு பங்கசு, அதாவது பூஞ்சை, அதுதான் அவருடைய ஆராய்ச்சி. அந்தப் பங்கசு ஒரு நொதியத்தை விட்டுக் கொடியின் பெக்டினை உடைத்துக்கொண்டு உள்ளே போகிறது. பெக்டின் என்றால் ஜாமை உறைய வைக்கிறதே, அதே சாமான். அந்த நொதியத்தைத் தனியாக எடுத்து, அதைத் தடுக்க ஒரு வழி கண்டுபிடித்தால் மிளகுக்காரர்களுக்கு விடிவு. எங்கள் குழுவின் தரவுத்தளத்தில் பார்த்துத்தான் அவர் அந்தப் புரதத்தைத் தெரிந்தெடுத்திருந்தார். “உங்கட ஆக்கள் எழுதி வச்சதை நம்பித்தான் இறங்கியிருக்கிறன், தங்கச்சி” என்று முதல் மாதமே பகிடியாகச் சொன்னார். நானும் சிரித்தேன். எந்தப் புரதம் என்று கேட்கவில்லை. நாள் முழுக்கப் புரதத்தோடு மாரடிக்கிறவள் தேத்தண்ணி நேரத்திலும் அதைப் பற்றிக் கேட்பாளா?

முதல் வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் புட்டு அவித்துக்கொண்டு கீழே வருவார். கதவைத் தட்டுவார், குசினிக் கதிரையில் உட்காருவார், எங்கள் வீட்டுச் சம்பலில் உறைப்பு காணாது என்று ஒவ்வொரு தரமும் குறை சொல்வார். இரண்டாம் வருடம் அது நின்றுபோனது. வாசலில் கறிவேப்பிலைக் கன்று வைக்க வேண்டும் என்று வாங்கி வந்தவர், என் கணவரைக் கூப்பிட்டு நடச் சொன்னார்.

“நீங்களே வைங்களே, அக்கா” என்றேன்.

“வேண்டாம், தங்கச்சி. என்ர கைராசி இப்ப சரியில்லை. நான் வச்சா பட்டுப்போம்.”

பகிடி என்றுதான் நினைத்தேன். பிறகு தெரிந்தது, பகிடி இல்லை. அவர் பற்றீரியாவைக் கொண்டு அந்தப் புரதத்தைச் செய்வித்து, கழுவி, வடித்து எடுத்து, சாயம் போட்ட பெக்டின் தட்டில் ஒரு சொட்டு விடுவார். புரதம் பெக்டினை உடைத்தால் சொட்டைச் சுற்றிச் சாயம் வெளுத்து ஒரு வட்டம் விழ வேண்டும். கடையில் வாங்கிய நொதியத்துக்கு வட்டம் அழகாக விழுந்தது. அவர் செய்த புரதத்துக்கு விழவில்லை. தண்ணீரை மாற்றினார், உப்பை மாற்றினார், சூட்டை மாற்றினார், ஆறாம் தரம், ஏழாம் தரம் என்று முதலிலிருந்து செய்தார். விழவில்லை. மேற்பார்வைப் பேராசிரியர் கடைசியில் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: எடுக்கிற இடத்தில் புரதத்தைக் கெடுக்கிறீர்கள், கை சுத்தம் காணாது. மாடியில் நடை தொடங்கியது அந்த நாளில்தான்.

ஒரு வியாழக்கிழமை பின்னேரம் அவர் எங்கள் தரவுத்தளப் பக்கம் ஒன்றின் அச்சுப் பிரதியோடு கீழே வந்தார். உட்காரவில்லை.

“தங்கச்சி, இதை ஒருக்காப் பாருங்கோ. நான் எங்கயும் பிழை விட்ட மாதிரித் தெரியேல்லை. ஆனா இதில பச்சையாப் போட்டிருக்கு, பரிசோதனையில் கண்டது எண்டு. ஆரோ செய்து கண்டிருக்கினம். அப்ப என்ர கைதானே பிழை?”

பிரதியை வாங்கினேன். நான் எழுதும் வரிகள் எல்லோரும் எழுதுவது போலத்தான் இருக்கும், சட்டம் அப்படி. ஆனால் முத்திரைக்குக் கீழே ஆதாரமாகக் காட்டியிருந்த கட்டுரையின் தலைப்பைக் கண்டதும் எனக்குள் ஏதோ இடறியது. “பார்த்துட்டுச் சொல்றன், அக்கா” என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டு, எங்களுக்கு மட்டும் திறக்கும் உள்பக்கத்தைத் திறந்தேன். முத்திரைக்குப் பக்கத்தில் என் இலக்கம் இருந்தது.

மூன்று வருடத்துக்கு முந்தின வேலை. கட்டுரையை முதல் வரியிலிருந்து வாசித்தேன். அதில் பரிசோதனை இருந்தது, இல்லாமல் இல்லை. பங்கசுவின் சாறு முழுவதையும் பிழிந்து பெக்டினில் விட்டிருக்கிறார்கள், பெக்டின் உடைந்திருக்கிறது. அந்தச் சாற்றில் எத்தனையோ புரதம். எது உடைத்தது என்று அவர்கள் பார்க்கவேயில்லை. கடைசிப் பந்தியில் மட்டும், இது இன்ன புரதத்தின் வேலை என்று ஒரு வரி போட்டு, ஆதாரமாக ஒரு குறிப்பு காட்டியிருந்தார்கள். அந்தக் குறிப்பைப் பிடித்துக்கொண்டு போனேன். அது எங்கள் தரவுத்தளத்துக்கே வந்து நின்றது. நான் கை வைப்பதற்கு முந்தின பழைய பக்கம். அங்கே முத்திரை, ‘இயந்திரம் ஊகித்தது’.

இயந்திரம் ஊகித்ததை அவர்கள் எங்களிடம் எடுத்தார்கள். அவர்கள் எழுதியதை நான் அவர்களிடம் எடுத்துப் பெரிய முத்திரையைக் குத்திவிட்டேன். ஊகம் ஒரு சுற்று வெளியே போய், பரிசோதனை என்ற பெயரோடு வீட்டுக்குத் திரும்பியிருந்தது. அந்தப் புரதத்தைத் தனியாக எடுத்து யாரும், எங்கேயும், ஒரு நாளும் பெக்டினில் வைத்துப் பார்க்கவில்லை. மாடியில் நடக்கிறவர்தான் முதல் ஆள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை எங்களுக்குச் சொல்லித் தருவதே இதைத்தான்: முடிவுரையை நம்பாதே, செய்முறைப் பகுதியை வாசி, படத்தைப் பார், குறிப்பின் குறிப்புக்குப் போ. நான் போகவில்லை. திகதியைப் பார்த்தேன், நோன்புப் பெருநாளுக்கு முந்தின நாள். கடைக்குப் போகும் அவசரத்தில், மிச்சம் இருந்த பக்கங்களை முடித்துத் தள்ளியிருக்கிறேன். நோன்பில் இருந்தேன், தலை சுற்றியது என்று சொல்ல எனக்கு வாயில்லை. எத்தனையோ பேர் நோன்போடு தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்கிறார்கள்.

அடுத்த நாள் காலையிலேயே பக்கத்தைத் திருத்தினேன். வரியை எடுத்துவிட்டு ‘செயல் தெரியாது’ என்று போட்டேன். என் முத்திரையைப் பார்த்து இயந்திரம் மற்ற உறவுகளுக்கு எழுதியவற்றையும் நீக்கக் கேட்டு அனுப்பினேன். மேலாளரிடமிருந்து பதில் வந்தது: நல்ல கண்டுபிடிப்பு, மிக்க நன்றி. பாராட்டு! யாருடைய பிழை என்று கேட்கக்கூட இல்லை. திருத்தம் அடுத்த வெளியீட்டில் வரும். வெளியீட்டுக்கு இன்னும் நாலு கிழமை இருந்தது.

இங்கேதான் என் கோழைத்தனம். நாலு கிழமையில் அக்கா பக்கத்தைத் திறப்பார், செயல் தெரியாது என்று காண்பார், தன் கை சரி என்று தானாக விளங்கிக்கொள்வார், இடையில் நான் என்று ஓர் ஆள் வரத் தேவையே இல்லை. இப்படி ஒரு கணக்குப் போட்டேன். பக்கத்தில்தான் பெயர் இல்லையே.

ஆனால் நாலு கிழமை காத்திருக்கிற மனது எனக்கு இல்லை. அலுமாரியைக் காலி செய்து திரும்ப அடுக்கினேன். அடுத்த நாள் இன்னொரு முறை அடுக்கினேன். சோற்றை அடிப்பிடிக்க விட்டேன். மேலே பலகை முனகும்போதெல்லாம் நானும் எழுந்து கீழே நடந்தேன். அவர் ஜன்னலுக்குப் போனால் நானும் ஜன்னலுக்கு. பிரதியைப் பார்த்தீர்களா என்று அவர் இரண்டு தரம் படியில் நின்று கேட்டார். “இன்னும் பார்க்கிறன், அக்கா” என்றேன். இரண்டாம் தரம் அப்படிச் சொன்னபோது என் முகத்தை அவர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

புதன்கிழமை மரக்கறி வாங்கக் கண்டி டவுனுக்குப் போனேன். மார்க்கெட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஒன்றும் வாங்காமல் குண்டசாலை பஸ்ஸில் ஏறினேன். இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து, பல்லேகலவில் என் கணவர் வேலை செய்யும் கார்மண்ட் வாசலில் போய் நின்றேன். அவர் அங்கே தைத்த சட்டைகளைச் சரிபார்க்கும் பகுதியில் மேற்பார்வையாளர். சாப்பாட்டு நேரம். யாரோ மௌத்தாகிவிட்டார்கள் என்று நினைத்து முகம் வெளுத்து ஓடி வந்தார். மதிலோரம் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன்.

“எங்கட லைன்ல பிழ கண்டா ஒடன நிப்பாட்டுவோம்” என்றார். “அடுத்த கொன்டேனர்ல சரியாப் போகும்னு பாத்துக்கொண்டு ஈக்க மாட்டோம்.”

“உங்கட லைன்ல ஈக்கிறது சட்ட. எண்ட லைன்ல மனிசி” என்று பாய்ந்தேன். “லேசா சொல்லிருவீங்க.”

அவர் கோபப்படவில்லை. தன் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். “ஒவ்வொரு சட்டைட பொக்கட்லயும் செக் பண்ணின புள்ளட நம்பர் துண்டு ஒண்டு ஈக்கும். சாமான் திரும்பி வந்தா அவள்டதான் வரும். உங்கட பக்கத்தில அந்தத் துண்டும் இல்லயே. நீங்களாப் போய்ச் சொன்னாத்தானே?”

உண்மையைச் சொல்கிற ஆளைப் போல எரிச்சலூட்டுகிற ஆள் உலகத்தில் இல்லை. அவரோடு இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. அக்காவிடமும் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா, மாடிக்கென்று நாங்கள் கொடுத்திருந்த கதிரையைத் துடைத்துப் படிக்கட்டின் கீழே கொண்டுவந்து வைத்தார். ஏன் என்று கேட்டேன்.

“லீவை முடிச்சுக்கொண்டு திரும்ப வேலைக்கு வாறன் எண்டு கடிதம் எழுதிப்போட்டன், தங்கச்சி. நாளைக்குக் குடுக்கப் போறன். ஊர்ப் பக்கம் மாற்றமும் கேட்டிருக்கு. எனக்கு உது சரிவராது. வயல்ல, தோட்டத்தில போய் ஆக்களோட கதைக்கிற வேலைதான் எனக்குச் சரி. ஆய்வுகூடத்துக்கு வேற கை வேணும்.”

அப்போதும் நான் சொல்லவில்லை. வாயைத் திறந்தேன், “தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க, அக்கா” என்றுதான் வந்தது. அவர் வேண்டாம் என்றார். அன்றைக்கு மாடியில் நடை சத்தமே இல்லை. அது நடையைவிட மோசமாக இருந்தது.

திங்கட்கிழமை காலை நான் குளித்துவிட்டு வரும்போது அவர் கேற்றைச் சாத்தும் சத்தம் கேட்டது. ஜன்னலால் பார்த்தேன். கையில் ஒரு ஃபைல். இறக்கத்தில் பஸ் வந்து நின்றதும் ஏறிவிட்டார். தலையைத் துவட்டியும் துவட்டாமலும் முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டு, மேசையில் இருந்த கட்டுரைக் காகிதங்களையும் அள்ளிக்கொண்டு ஓடினேன். ஒரு திரீவீலரை மறித்து, அலுவலகப் பக்கத்துக்கு அவர் பஸ் மாறும் குட்ஷெட் பஸ் ஸ்டாண்டுக்கு விடச் சொன்னேன். டவுனுக்குள் வந்ததும் பள்ளிக்கூட நேரத்து நெரிசல். வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள் கடக்கக் கடக்க டிரைவர் பொறுமையாக நின்றான். எனக்கோ இறங்கி அவனையும் வண்டியையும் சேர்த்துத் தள்ளலாம் போலிருந்தது. பாதி வழியில் இறங்கி நடந்தேன், நடையா அது, ஓட்டம்.

பேராதனைப் பக்கம் போகும் பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டு நின்றது. கண்டக்டர் ‘கம்பொல, கம்பொல’ என்று கத்திக்கொண்டிருந்தான். அக்கா இடது பக்கம் மூன்றாவது சீட்டில், ஃபைல் மடியில். ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் திடுக்கிட்டார். எனக்கு மூச்சு வாங்கியது. டிரைவரின் தலைக்கு மேல் சிங்களப் பாட்டு அலறியது, குரலை உயர்த்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

“அக்கா, அந்தப் பொரதம் பெக்டின ஒடைக்கும்னு ஒருத்தரும் செஞ்சு பாக்கல்ல. அந்த முத்திர பிழ. அத வச்சது நான்.”

நான் எல்லாவற்றையும் சொன்னேன்: பங்கசுச் சாறு, கடைசிப் பந்தி, எங்களிடமே திரும்பி வந்த குறிப்பு, பெருநாள் அவசரம். கையோடு கொண்டுவந்த காகிதங்களை அவர் ஃபைலின் மேல் வைத்தேன். ஒன்றன் மேல் ஒன்றாகப் பார்த்தார். விஞ்ஞானம் படித்தவர், இரண்டு நிமிடம்கூட எடுக்கவில்லை.

“அப்ப என்ர கை...”

“உங்கட கைல ஒரு பிழையும் இல்ல, அக்கா. வட்டம் விழாததுதான் சரி.”

தன் வலது கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். கண் நிறைந்தது. எனக்கும் நிறைந்தது. இத்தோடு முடிந்தது, நல்லபடியாக முடிந்தது என்று நான் ஒரு பெருமூச்சுக்குத் தயாரானேன். அப்போதுதான் கேட்டார்.

“உங்களுக்கு இது எப்ப தெரியும்?”

பொய் சொல்லியிருக்கலாம். நேற்று என்று சொல்லியிருக்கலாம். திருத்தத்தின் திகதி நான் கொடுத்த காகிதத்திலேயே இருந்தது, அதனால் சொல்லவில்லையா, இல்லை வேறு காரணமா, இன்றைக்கும் எனக்கே நிச்சயமில்லை.

“நீங்க பிரதி கொண்டு வந்த அண்டைக்கே.”

அவர் விரலை மடக்கி எண்ணினார். “பதினொரு நாள்.” குரலை உயர்த்தவில்லை. “பதினொரு நாளும் நான் மேல நடந்தது உங்களுக்குக் கேட்டதுதானே?”

கேட்டது. ஒவ்வொரு அடியும் கேட்டது. தலையை மட்டும் ஆட்டினேன். கண்டக்டர் டிக்கெட்டுக்குக் கை நீட்டினான். அக்கா எழுந்து, “கொஞ்சம் விடுங்கோ” என்று என் முழங்காலைத் தாண்டி இறங்கிவிட்டார். ஃபைலோடு என் காகிதங்களும் அவர் கையில் போயின. அலுவலகத்துக்குப் போகவில்லை; பிறகு தெரிந்தது, எதிரே நின்ற இன்னொரு பஸ்ஸைப் பிடித்துப் பேராசிரியரிடம் நேராகப் போயிருக்கிறார். நான் ஏறிய பஸ் என்னையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டது. பேராதனை வரைக்கும் போய்த்தான் இறங்கினேன்.

அவருக்குச் சில மாதங்கள் கூடுதலாகக் கிடைத்தன. இன்னும் இரண்டு தரம் செய்து பார்த்து, அந்தப் புரதம் பெக்டினை உடைப்பதில்லை என்றே ஆய்வை எழுதினார். பட்டமும் கிடைத்தது. ஊர் மாற்றம் கேட்ட கடிதத்தை அவர் கொடுக்கவில்லை, மாடியிலேயே இருந்தார். கட்டுரையாகவும் அது வெளிவந்தது, என் வேலை வரிசையிலேயே வந்து நின்றது. இந்த முறை செய்முறைப் பகுதியை மூன்று தரம் வாசித்தேன், படத்தைப் பார்த்தேன், ஒவ்வொரு குறிப்புக்கும் போனேன். பிறகு ‘பெக்டினை உடைப்பதில்லை’ என்று எழுதி, பின்னால் முத்திரையை வைத்தேன்: பரிசோதனையில் கண்டது. கட்டுரையை எழுதியவர் என்று அவர் பெயர் பக்கத்தில் ஏறியது. என் பெயர் வழக்கம் போல இல்லை. முன்பு பிடித்திருந்த அந்த இல்லாமை இப்போது எனக்குப் பிடிப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மறுபடியும் புட்டு வருகிறது. மாடியில் அவிக்கும்போதே வாசம் இறங்கிவிடும். “அக்காட கைராசி திரும்பி வந்துட்டு” என்று என் கணவர் சந்தோஷப்பட்டுச் சாப்பிடுவார். கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் அக்கா, கறிக்கு வாசத்துக்குப் போடும் ரம்பையும் நட்டிருக்கிறார், தன் கையாலேயே. படியில் எதிர்ப்பட்டால் சுகம் விசாரிப்பார். தங்கச்சி என்றுதான் கூப்பிடுகிறார்.

புட்டை மட்டும் வாழையிலையால் மூடி, கடைசிப் படியில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார். கதவைத் தட்டுவதில்லை.